நட்சத்திரத்துக்கும் ஏரோப்ளேனுக்கும் ஒரே ஸ்டாண்டு

ஐப்பசி 13, வெள்ளி

விடியலில் தூறல் இல்லை. மூன்று நாள் மழைக்குப் பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி. கிழக்கே வால் நட்சத்திரம். கடைத்தெரு மொத்தமும் மொட்டைமாடியில். பக்கத்து மாடியில் எண்ணெய்க்கடைக்காரர், "யப்பா, தொடப்பம் மாரி இருக்குதே!" என்று கூவுகிறார். எங்கள் மாடியில் நானும் பாக்கியமும். விரலை நீட்டிக் காட்டினேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். "எங்க?" என்றாள். அப்புறம் "ம்" என்றாள்.

அந்த "ம்" எனக்குத் தெரியும். முப்பது வருஷம் முந்தி எங்கள் கல்யாணத்தில் அம்மி மிதித்ததும் ஐயர் பட்டப்பகலில் மேலே கையைக் காட்டி, அருந்ததி தெரிகிறதா என்று கேட்டார். பந்தல் கீற்றுதான் தெரிந்தது. தெரியுது என்றேன். அவளும் தெரியுது என்றாள். ஒருத்தருக்கொருத்தர் உண்மையை ஒப்புக்கொள்ள ஐந்தாறு வருஷம் ஆயிற்று. "நீங்க பாத்துட்டீங்கன்னு நெனச்சிதான் நானும் சொன்னேன். இல்லன்னா உங்களுக்கு ஒரு மாரி ஆயிடுமே" என்று சிரித்தாள்.

புரட்டாசியில் பாண்டிச்சேரி கண் டாக்டர் சொன்னது: கண்ணுக்குள்ளே அழுத்தம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் ஓரமெல்லாம் செத்து நடுவில் கொஞ்சம் பாக்கி. அதுவும் சுருங்கிக்கொண்டே வரும். எத்தனை நாள் என்றேன். "சொல்ல முடியாதுங்க, சில மாசம்." அவளை எதிரே உட்கார வைத்துக்கொண்டே. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து வயலையும் புளியமரத்தையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

செய்ய வேண்டியவை:
சொட்டு மருந்து, இரண்டு புட்டி, மறக்கக்கூடாது.
அலமாரி மேல் தூங்கும் லென்ஸை எடுத்துத் துடைக்க.
அவளுக்கு நிஜ அருந்ததியைக் காட்ட. முப்பது வருஷம் ஏன் தோன்றவில்லை? மடையன்.

ஐப்பசி 17, செவ்வாய்

மேகம். என் இரும்புச் சாமான் கடையில் கூட்டம் இல்லை. மூர் மார்க்கெட்டில் என்றோ ஆசைப்பட்டு வாங்கிய லென்ஸ், உள்ளங்கை அகலம். தகரம் அடிப்பவனிடம் மழைத்தண்ணீர்க் குழாயை வெட்டி, ஒரு பக்கம் இதையும் மறுபக்கம் கண் வைக்கும் சின்ன லென்ஸையும் பொருத்தி டெலஸ்கோப் ஆக்கியாயிற்று. ராஜகிரி உச்சியைப் பார்த்தேன். கோட்டைச் சுவரில் ஓர் ஆடு தலைகீழாக மேய்கிறது. இந்த மாதிரி குழாயில் எல்லாமே தலைகீழாம். பா.வுக்குக் காட்டினேன். வெகு நேரம் தேடி, கிடைத்ததும் கெக்கெக்கென்று சிரித்தாள். "எனக்குத்தான் ஏற்கெனவே கொழா மாட்டிவுட்டாச்சே, இது எனக்கு சரியா பொருந்துது" என்றாள். நான் சிரிக்கவில்லை.

ராத்திரி ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துப் பார்த்தேன். கையில் பிடித்தால் கொசு மாதிரி பறக்கிறது. ஸ்டாண்டு இல்லாமல் ஆகாது.

ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் தாழ்ப்பாள் வாங்க வந்தார். தாழ்ப்பாளை மறந்துவிட்டு ஒரு மணி நேரம் பேசினார். ஸ்டாண்டில் இரண்டு வகையாம். ஒன்று, கோட்டை மேல் கிடக்கிற பீரங்கி மாதிரி: மேலே கீழே, இடம் வலம். சுலபம். ஆனால் நட்சத்திரம் நகர்ந்துகொண்டே இருக்குமாம், நிமிஷத்துக்கு இரண்டு தரம் தள்ளிவிட வேண்டும். இன்னொன்று சாய்ந்த அச்சு. அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராகச் சாய்த்துவிட்டால் ஒரே திருகை ஒரு விரலால் திருப்பினால் போதும், நட்சத்திரம் கண்ணுக்குள்ளேயே நிற்கும். லண்டனில் அச்சடித்த புத்தகம் ஒன்று தருவதாகச் சொன்னார்.

பா. உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் கதவோரம் வந்தாள். "ஏரோப்ளேன் தெரியுமா அதுல?"

காலை ஒன்பது மணிக்கு மெட்ராஸிலிருந்து திருச்சிக்குப் போவது. அவள் துணி உலர்த்தும் நேரத்துக்கு தினமும் தலைக்கு மேல் போகும். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள ஜன்னலோரமா யாராச்சும் உக்காந்துகினு நம்ம செஞ்சிய பாக்கறாங்களான்னு பாக்கணும். இத்தினி வருசமா போவுது. ஒருத்தராச்சும் குனிஞ்சி பாத்திருப்பாங்க இல்ல?"

வாத்தியார் முகத்தில் யோசனை. ஏரோப்ளேனுக்கு பீரங்கி வகைதான் நல்லது என்றார். தாழ்ப்பாளை வாங்காமலே போய்விட்டார்.

ஐப்பசி 22, ஞாயிறு

மழை. புத்தகம் வந்தது. இங்கிலீஷ். வரிக்கு நாலு சொல் புரிகிறது. படங்கள் நன்றாக இருக்கின்றன.

பீரங்கி: ப்ளேனுக்குச் சரி. அருந்ததிக்கு? அவள் கண்ணுக்கு ஒன்றைக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிஷம் ஆகிறது. அதற்குள் பத்துத் தரம் தள்ளினால் எங்கே பார்ப்பாள்.
சாய்வு: அருந்ததி நிற்கும். ப்ளேன்?
இரண்டு ஸ்டாண்டு செய்தால்? குழாயைக் கழற்றி மாட்டுவதற்குள் ப்ளேன் திருச்சி போய்விடும்.
இரண்டுக்கும் ஆகிற மாதிரி மூன்றாவது ஒன்று? பக்கம் 40க்கு மேல் ஏதோ இருக்கிறது, புரியவில்லை.

பா. சாப்பாடு போட்டுக்கொண்டே: "ஏதோ ஒண்ண பண்ணுங்க. ஒரு கீல் வாங்க வர்றவனுக்கு பத்து கீல எடுத்துப் போட்டு கொழப்பி வுட்ற ஆளு நீங்க. அவன் வேற கடைக்குப் போயிடறான்."

உண்மைதான். கோபம் வந்தது. ரசத்தில் உப்பு இல்லை என்று சொன்னேன். உப்பு இருந்தது.

கார்த்திகை 3, வியாழன்

அடைமழை. தேங்காய் எண்ணெய் உறையவில்லை என்பதுதான் பாக்கி, அவ்வளவு குளிர்.

முடிவு செய்தாயிற்று. சாய்வுதான். ப்ளேனையும் எப்படியாவது அதிலேயே பிடிப்போம். இந்த முடிவுக்குப் பதினாறு நாள். அதற்குள் அவள் அரிசியில் கல் பொறுக்குவதை விட்டுவிட்டாள். நேற்று என் பல்லில் கடக்கென்றது. கல்லோடு விழுங்கினேன். சத்தம் அவள் காதில் விழுந்துவிட்டது.

திண்டிவனம் ரோட்டில் பஸ் பாடி கட்டுகிற பட்டறை சவரிமுத்துவிடம் போனேன். கைவேலையில் கெட்டிக்காரன். படத்தைக் காட்டினேன். "மொதலாளி, இது இன்னாது, சாஞ்சிகினு கெடக்குது?" என்றான். அப்படித்தான் சாய்ந்திருக்க வேண்டும், படத்தில் இருப்பதிலிருந்து மயிரிழை தப்பக்கூடாது என்று மூன்று தரம் சொன்னேன். "பாகமானி வச்சே அளந்துடறேன்" என்றான். மனசுக்கு நிம்மதி.

கார்த்திகை 18, வெள்ளி

மழை. பட்டறையில் தண்ணீர் புகுந்து நாலு நாள் வேலை இல்லை. சவரிமுத்து, "அடுத்த வாரம்" என்கிறான். போன வாரமும் அடுத்த வாரம்தான்.

தெருவில் போலீஸ்காரர் நிறுத்தி, "இன்னா சார், கொழா எல்லாம் கட்டறீங்களாமே. பாகிஸ்தான் ப்ளேன் பாக்கவா?" என்றார். இல்லை, திருச்சி ப்ளேன் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

பா. இன்று கோலம் போடும்போது வாசலில் நின்று பார்த்தேன். ஏழு புள்ளி வரிசை. நாலாவது புள்ளிக்கு மேல் கோடு வேறெங்கோ போகிறது. போட்டு முடித்து நிமிர்ந்து, "சரியா இருக்குதா?" என்றாள். சரியாக இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரத்தில் தூறல் அழித்துவிட்டது. மழைக்கு முதல் தடவையாக நன்றி.

காலண்டரை எடுத்து எண்ணினேன். எண்ணி என்ன. டாக்டரும் தேதி கொடுக்கவில்லை, சவரிமுத்துவும் கொடுக்கவில்லை.

மார்கழி 2, வெள்ளி

மழை விட்டது. வந்தே விட்டது ஸ்டாண்டு! கறுப்புப் பெயிண்டு, திருகு, பல்சக்கரம், எதிர்எடைக்குக் குண்டு. நாலு பேர் மாடிக்குத் தூக்கினார்கள். ராஜா மாதிரி நின்றது. எண்ணெய்க்கடைக்காரர், "இத்த வச்சி மாட்டுக்கு லாடம் அடிக்கலாம் போலக்குது" என்றார். போய்யா.

சாயங்காலம் மேற்கே வெள்ளி. பிடித்தேன். குட்டிப் பிறை மாதிரி இருக்கிறது! பா.வைக் கூப்பிட்டேன். அவள் கண் வைப்பதற்குள் காணோம். ஒரு விரலால் திருகைத் திருப்பினேன். அது எங்கேயோ பக்கவாட்டில் போகிறது. மறுபடி பிடித்தேன், மறுபடி ஓடிற்று. ஏழெட்டுத் தரம். கடைசியில், "வெளுப்பா ஏதோ வந்துட்டுப் போச்சி" என்றாள்.

ஒரு விரலால் திருப்பினால் நிற்கும் என்றாரே? ஆள் அனுப்பினேன். வாத்தியார் வந்தார். ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். அச்சின் மேல் கையை வைத்தார். "இது எத்தனை டிகிரி?"

படத்தில் உள்ளபடி. ஐம்பத்தொன்றரை.

"அது லண்டனுக்கு" என்றார். "அவங்களுக்குத் துருவ நட்சத்திரம் அவ்வளவு உயரத்துல. நமக்குப் பன்னிரண்டு டிகிரிதான். அச்சு கிட்டத்தட்ட படுத்திருக்கணும். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

எனக்கு எப்படித் தெரியும்? நான் ஆணி விற்கிறவன். லண்டனில் இருக்கும் நட்சத்திரத்தைக் காட்டிக்கொண்டு செஞ்சியில் என் மாடியில் ஓர் இரும்பு நிற்கிறது. ஒரு மாசம். அவளுடைய ஒரு மாசம்.

மார்கழி 4, ஞாயிறு

பனி. காலையிலேயே சவரிமுத்து வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். கோயிலுக்குப் புறப்பட்டு நின்றான், வெள்ளைச் சட்டை. "மயிரெழ தப்பாதன்னு நீங்கதான மொதலாளி மூணு தபா சொன்னீங்க? தப்பல பாருங்க" என்றான். வெட்டி மறுபடி ஒட்டித் தருகிறேன், ஆனால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போகிறேன், வந்துதான் என்றான். அவன் பெண்சாதி எனக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

அவன் வீட்டுக்குப் போகும் முன்பே, அச்சின் அடியில் செங்கல்லை வைத்து நாமே படுக்க வைப்போம் என்று விடிகாலையில் துருவ நட்சத்திரத்தைத் தேடியிருந்தேன். வடக்கே பன்னிரண்டு டிகிரி உயரத்தில் என் மாடியிலிருந்து தெரிவது கிருஷ்ணகிரிக் கோட்டை மலை. துருவ நட்சத்திரம் அதற்குப் பின்னால். இத்தனை வருஷமாக அங்கேயேதான் நின்றிருக்கிறது அந்த மலை, இப்போதுதான் எனக்கு எதிரி ஆகியிருக்கிறது.

ஒன்பது மணி ப்ளேனுக்கு முயன்றோம். தலைக்கு மேல் வரும்போது குழாய் ஸ்டாண்டின் கம்பத்தில் இடித்து நின்றுவிட்டது. பா. கண்ணை எடுக்காமல், "எங்க, எங்க?" என்கிறாள். சத்தம் தெற்கே போய்க் கரைகிற வரைக்கும் குனிந்தே இருந்தாள். அப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, "நாளைக்கும் வருமில்ல" என்றாள்.

வரும். ப்ளேன் வரும்.

மார்கழி 12, திங்கள்

பனி. சவரிமுத்து இன்னும் வரவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆள், சிங்கவரத்துக்காரர், கிணற்றுக்கு ராட்டினம் கேட்டார். எடுத்துக் கொடுக்கும்போது அதன் அச்சை விரலால் சுற்றினேன். சுற்றிக்கொண்டே நின்றேன். அவர், "இன்னாங்க, விக்கிறதுக்கா வெளையாடறதுக்கா?" என்றார்.

அவர் போனதும் கடையை அரைக்கதவு சாத்தினேன். ஒரு வாளியில் சிமெண்டும் ஜல்லியும், நடுவில் பைப்பு. அந்தப் பைப்புக்குள் கிரீஸ் தடவி இன்னொரு பைப்பு: இடம் வலம். அதன் தலையில் கவட்டை மாதிரி இரண்டு பலகை, நடுவே ராட்டின அச்சு: மேலே கீழே. பின்னால் எடைக்கு ஒரு படிக்கல். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. சிமெண்டு காயத்தான் இரண்டு நாள். அடிப் பைப்பை முழங்காலால் அணைத்துக்கொண்டு குழாயை மாட்டித் தள்ளிப் பார்த்தேன். விரல் பட்டால் போகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. நட்சத்திரத்துக்கும் சரி, ப்ளேனுக்கும் சரி. பீரங்கிதான். என் கடைச் சரக்குதான். அரை நாள் வேலை.

அரை நாள். ஐப்பசி பதினேழாம் தேதியே செய்திருக்கலாம். அன்றைக்கு அவள் ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

குழாயின் வாயில் பனி இறங்காமல் இருக்கப் பால்பவுடர் டப்பா மூடி. அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டது. சமர்த்து. இந்தச் சமர்த்தெல்லாம் இப்போது.

மார்கழி 15, வியாழன்

விடிகாலை ஐந்தே கால். கோயில் ஒலிபெருக்கி இன்னும் ஆரம்பிக்கவில்லை. வடக்கே கிருஷ்ணகிரிக்கு மேலே நல்ல உயரத்தில் சப்தரிஷி மண்டலம். வால் பக்கம் நடுவில் வசிஷ்டர், ஒட்டி அருந்ததி. வெறுங்கண்ணுக்கே எனக்கு இரண்டும் தெரிகிறது. குழாயில் பார்த்தேன். உடம்பு சிலிர்த்துவிட்டது. அருந்ததி ஒரு பக்கம். வசிஷ்டரே இரண்டாகப் பிரிந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்!

பா.விடம் சொன்னேன். "அந்தாளே ரெண்டா? அப்ப அருந்ததி எதுக்கு நடுவுல?" என்று கேட்டாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு குனிந்தாள். நான் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் அவளை விலக்கி, பார்த்து, தள்ளிவிட்டு, மறுபடி குனிய வைத்தேன். கால் மணி நேரம். ஸ்டாண்டு ஒரு குறையும் வைக்கவில்லை.

"தெரியுதா?"

"இல்லீங்க."

"மங்கலாகவாவது?"

"இல்லீங்க. நெஜமா கேக்கறீங்க, நெஜமா சொல்றேன்."

பொழுது விடிந்து நட்சத்திரமெல்லாம் போயிற்று. நான் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அவள் தடவிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "கல்யாணத்துல காட்னப்பவே ஒழுங்கா பாத்திருக்கணும்" என்றாள். சிரிக்க வைக்கப் பார்க்கிறாள். நான், என்னால்தான், என்னால்தான் என்று ஏதேதோ உளறினேன். "நீங்க இன்னா பண்ணுவீங்க, கண்ணு பண்ணது" என்றாள்.

இல்லை. கண் பாதி. நான் பாதி.

மார்கழி 28, புதன்

பாண்டிச்சேரி போய் வந்தோம். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். வெளிச்சம் தெரிகிறதா? தெரிகிறது. விரல் எத்தனை? மூன்று என்றாள். இரண்டு. டாக்டர் என்னைப் பார்த்தார். சொட்டு மருந்தைத் தொடரச் சொன்னார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம் என்று என்னை உட்கார வைத்தாள். "நீங்க பாத்து சொல்லுங்க." சொல்லிக்கொண்டே வந்தேன். வயல். அறுப்பு. கொக்கு. ஒரு ஆள் சைக்கிளில் கரும்புக் கட்டு. எனக்கு வர்ணிக்க வராது.

நாளைக்குப் போகி. லண்டன் ஸ்டாண்டை எரிக்க முடியாது. சவரிமுத்து வந்து எடுத்துக்கொண்டு போனான். காசு ஒன்றும் திருப்ப வேண்டாம் என்றேன். மாடிப்படியில் நின்று, "அம்மாவுக்கு எப்டி இருக்குது?" என்று மெதுவாகக் கேட்டான்.

ப்ளேன் இந்த மாசம் முழுக்க மூடுபனிக்கு மேலேயே போயிற்று. சத்தம் மட்டும்.

தை 4, திங்கள்

நல்ல வெயில். பொங்கல் கரும்புச் சக்கை இன்னும் படியில் கிடக்கிறது, வழுக்கிவிடும், பெருக்கச் சொல்ல வேண்டும்.

எட்டரைக்கே பா. கேட்டாள்: "இன்னைக்கு மேல போலாமா?" பொங்கலுக்கு எடுத்த அரக்குப் புடவையைக் கட்டிக்கொண்டாள். எதற்கு என்றேன். "அவங்க பாக்கறப்ப நல்லா இருக்க வேணாமா?"

சத்தம் அவளுக்குத்தான் முதலில் கேட்டது. திண்டிவனம் பக்கம் வெள்ளைப் புள்ளி. குழாயின் மேல் குறி பார்க்க இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் புள்ளியைப் பிடித்து, அவள் தலையைக் கண் வைக்கும் இடத்தில் வைத்து, பார் பார் என்று நான் ஆணிகளை மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளினேன். ஒரு தரம்கூட நழுவவில்லை. தலைக்கு மேல் வந்தது, தாண்டிற்று, தெற்கே இறங்கிற்று. வாளி ஸ்டாண்டு எங்கேயும் இடிக்கவில்லை.

அவள் பேசிக்கொண்டே வந்தாள். "அய்ய, எம்மாம் பெருசு! ஆடு மாரியே தலைகீழா போவுது. ஜன்னலுங்க தெரியுதுங்க. வட்ட வட்டமா. ஒரு பொம்பள உக்காந்துகினு இருக்குது, மடியில கொழந்த. கீழதான் பாக்குது. நம்மளத்தான் பாக்குது!" கையை வேறு ஆட்டினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் பார்த்தால் என்ன, அழுதேன். ஐப்பசியிலிருந்து பட்ட பாடெல்லாம் போயிற்று. ஒன்றாவது கிடைத்ததே, ஒன்றாவது. அவள் முகம் அப்படி இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கிப் போனாள்.

குழாயை மூடி வைக்கலாம் என்று டப்பா மூடியைத் தேடினேன். தரையில் இல்லை. கைப்பிடிச் சுவர் மேல் இல்லை. குழாயின் வாயிலேயே இருந்தது. நேற்று சாயங்காலம் மாட்டியது. கழற்றவே இல்லை. அவ்வளவு நேரமும் அவள் பார்த்தது கும்மிருட்டு.

கீழேயிருந்து குரல். "இன்னாங்க, நீங்க பாத்தீங்களா அந்தப் பொம்பளய?"

பார்த்தேன் என்றேன்.